தைவான் தெருக்கடைகளில் ருசிக்கு முன்னால் நிற்கும் பதம்: சில எண்ணங்களும் மூன்று கேள்விகளும்

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற நவம்பரில் 11 நாட்கள் தைவானில் இருந்துவிட்டு வந்தேன். வடக்கே கீலுங் துறைமுகத்தில் தொடங்கி, தைபே, தைச்சுங் வழியாகத் தெற்கே தைனான் வரை ரயிலிலேயே போனேன். மேசையில் உட்கார்ந்து பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டது இரண்டு வேளைதான். மற்ற வேளைகள் எல்லாம் காலையில் சோயாப்பால் கடை, மாலையில் இரவுச் சந்தை, இடையில் தெருவுக்கு நான்காக இருக்கும் தேநீர்க் கடைகள் என்றே கழிந்தன. ஊர் திரும்பிய பிறகும் ஒரு விஷயம் மனத்தை விட்டு அகலவில்லை. அங்கே வாழ்ந்தவர்கள் இங்கு இருப்பீர்கள் என்பதால் கேட்கிறேன்.

நம் சமையலில் ருசி, பதம் என்று இரண்டு சொற்கள் உண்டு. பாகு பதம், மாவு பதம், சோறு வெந்த பதம் என்று அடுப்படியில் நிற்பவர் பதம் பார்ப்பார். இலையில் உட்கார்ந்தவர் ருசியைப் பற்றித்தான் பேசுவார். தைவான் தெருக்களில் உண்பவரும் பதத்தைப் பற்றியே பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. உப்பு, புளி, காரம் எல்லாம் நம் நாக்குக்கு அடங்கிய அளவிலேயே இருக்கின்றன. ஆனால் பல்லுக்கும் கடைவாய்க்கும் அவர்கள் கொடுக்கும் வேலை இருக்கிறதே, அதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஓர் இரவு தைபேயின் ராவ்ஹே தெருச் சந்தைக்குப் போயிருந்தேன். சந்தையின் கிழக்கு வாசலை ஒட்டி, கடல் தெய்வமான மாசு அம்மனுக்கு 18ஆம் நூற்றாண்டில் எழுந்த ட்ஸுயூ கோயில் விளக்கொளியில் நிற்கிறது. அதன் அருகிலேயே மிளகு ரொட்டிக் கடையின் வரிசை தொடங்கிவிடுகிறது. மிளகு தூக்கலாகப் போட்ட பன்றி இறைச்சியையும் கைப்பிடி வெங்காயத்தாளையும் மாவில் பொதிந்து, மேலே எள்ளைத் தூவி, நம் தந்தூரி அடுப்பைப் போன்ற மண் அடுப்பின் உட்சுவரில் கையால் ஒட்டுகிறார்கள். மேலோடு அப்பளம்போல் நொறுங்க, உள்ளே சூடான சாறு தளும்ப வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை பாடும்.

இன்னொரு கடையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு உருண்டை பொரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் கால்மணி நேரம் நின்று பார்த்தேன். மசித்த கிழங்கில் மரவள்ளி மாவும் சர்க்கரையும் பிசைந்து கோலிக்குண்டு அளவில் உருட்டியதைச் சட்டியில் போட்டதும் அவை எண்ணெயில் மிதக்கின்றன. கடைக்காரர் அகன்ற ஜல்லிக்கரண்டியால் அவற்றைச் சட்டியின் பக்கத்தில் வைத்துத் தட்டையாகும்வரை அழுத்துகிறார். கரண்டியை எடுத்ததும் அவை மூச்சு வாங்குவதுபோல் உப்பி எழுகின்றன. மறுபடியும் அழுத்துகிறார், மறுபடியும் முன்னைவிடப் பெரிதாக எழுகின்றன. ஏழெட்டு முறை இப்படிச் செய்தபின் கோலிக்குண்டு எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. கடித்தால் மேலே மெல்லிய மொறுமொறுப்பு, அடுத்துப் பல்லில் இழுபடும் சவ்வு, உள்ளே வெறும் காற்று. இனிப்பு மிகக் குறைவு. அந்தக் காலி உருண்டையை இரண்டு நாட்களில் நான்கு பொட்டலம் வாங்கித் தின்றேன்.

ஜியுஃபென் மலைத்தெருவில் கண்டதையும் சொல்ல வேண்டும். நிலக்கடலையையும் பாகையும் சேர்த்து இறுக்கிய, சின்னப் பெட்டி அளவிலான கடலைமிட்டாய்ப் பாளத்தை மேசையில் வைத்து, தச்சர் பலகை இழைப்பதைப்போல ஓர் இழைப்புளியால் சீவுகிறார் ஓர் அம்மையார். உதிரும் தூளை மெல்லிய மைதா ஏட்டில் பரப்பி, இரண்டு கரண்டி சேப்பங்கிழங்கு ஐஸ்கிரீம் வைத்து, அதன்மேல் ஒரு கைப்பிடி பச்சைக் கொத்தமல்லித்தழையைப் போட்டுச் சுருட்டிக் கையில் கொடுத்தார். ஐஸ்கிரீமில் கொத்தமல்லியா என்று தயங்கித்தான் கடித்தேன். குளிர்ச்சிக்கு நடுவே நறநறவென்று கடலையும் அதைத் தொடர்ந்து தழையின் வாசமும் வந்தபோது, வீட்டில் நாம் நாள்தோறும் புழங்கும் பொருட்களை வைத்தே இப்படி ஒன்றைச் செய்ய முடியும் என்று இத்தனை வயதுவரை தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் கேள்விகள். முதலாவது: கடைப் பலகைகளிலும் பேச்சிலும் ‘க்யூ’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்பக் கண்டேன், கேட்டேன். அது இந்தப் பதத்தைத்தான் குறிக்கிறதா? இரண்டாவது: வரும் மார்ச்சில் என் மனைவியையும் மாமியாரையும் அழைத்துச் செல்ல இருக்கிறேன். இருவரும் மரக்கறி மட்டுமே உண்பவர்கள். தைனானில் ஒரு கடையில் வெறும் கீரை என்று நம்பி நான் வாங்கிய தட்டில் மேலாகப் பன்றிக் கொழுப்புக் குழம்பு ஊற்றியிருந்தது. எனக்கு அது பொருட்டில்லை. அவர்களுக்கு நேர்ந்தால் பயணமே கசந்துவிடும். என்ன செய்யலாம்? மூன்றாவது: கல்யாணப் பூசணியைக் காய்ச்சிச் செய்யும் பழுப்பு நிறப் பானம் ஒன்றை அங்கே நாள்தோறும் குடித்தேன். அதை இங்கே வீட்டில் செய்ய வழி உண்டா?

காற்றூர்வாசி எழுதியது:

வணக்கம் நெடுவழி ஐயா. ஷின்ச்சூ நகரில் ஆய்வு மாணவனாக 6 ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு மறுமொழி சொல்கிறேன். அந்நகரைத் தைவானியர் காற்றூர் என்றே அழைப்பார்கள். என் புனைபெயரும் அங்கிருந்து வந்ததுதான்.

நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். ‘க்யூ’ என்பது தைவானின் ஹொக்கியன் பேச்சுமொழியிலிருந்து வந்த சொல். எழுதுவதற்கு எளிதாக இருப்பதால் ஆங்கில எழுத்தான க்யூவையே பலகைகளில் போட்டுவிடுகிறார்கள்; இன்னும் அழுத்திச் சொல்ல இரண்டு க்யூ போடுவார்கள். பல் பட்டதும் சற்றே எதிர்த்து, பிறகு விட்டுக்கொடுத்து, மீண்டும் எழும்புகிற பதம் அது. ‘சவசவ’ என்பது நம்மிடம் குறை. ‘மெத்து’ என்றால் எதிர்ப்பே இல்லை. ‘ரப்பர் மாதிரி’ என்றால் சமைத்தவரைத் திட்டுவதாகிவிடும். எனவே க்யூவுக்கு ஒற்றைச் சொல்லாகத் தமிழில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. கொழுக்கட்டையின் மேல்மாவு நன்றாக அமைந்த நாளில் கிடைக்கும் பதத்தை இன்னும் ஒரு மடங்கு இறுக்கினால் அதன் பக்கத்தில் வரலாம்.

ஷின்ச்சூவின் பெயர் சொல்லும் இரண்டு உணவுகளும் இந்தப் பதத்துக்காகவே போற்றப்படுகின்றன. ஒன்று, இறைச்சியை அரைக்காமல் அடித்தே பசையாக்கிச் செய்யும் பன்றி இறைச்சி உருண்டை. நன்றாக அமைந்த உருண்டையை மேசையில் போட்டால் துள்ளும் என்பார்கள். மற்றொன்று அரிசிச் சேமியா. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குக் காற்றில், மூங்கில் தட்டிகளில் பரப்பி வெட்டவெளியில் உலர்த்துவார்கள். காற்றின் வேகத்தில் சீராகக் காய்ந்த சேமியாதான் வெந்தபின் குழையாமல் நிற்கும் என்று முதியவர்கள் சொல்வார்கள்.

பதத்துக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று கேட்டால், நான் அங்கு கண்டதை வைத்து ஒரு காரணம் சொல்வேன். அது கிழங்கு மாவின் நாடு. சர்க்கரைவள்ளி மாவு, மரவள்ளி மாவு ஆகிய இரண்டும் அங்கே எல்லாச் சட்டியிலும் இருக்கும். சிப்பி ஆம்லெட்டில் முட்டைக்கும் சிப்பிக்கும் நடுவே கண்ணாடிபோல் வழுவழுக்கும் பகுதி இருந்திருக்குமே, அது கிழங்கு மாவுக் கரைசல்தான். கோழியைப் பொரிப்பதற்குமுன் புரட்டுவதும் அதே மாவில்தான். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் ஏழை வீடுகளில் அரிசியோடு சர்க்கரைவள்ளியைச் சேர்த்துப் பொங்கித்தான் வயிறு நிறைத்தார்கள். தங்களையே ‘சர்க்கரைவள்ளிக் கிழங்கின் பிள்ளைகள்’ என்று சொல்லிக்கொள்ளும் வழக்கமும் தைவானியரிடம் உண்டு. தீவின் வடிவமும் அந்தக் கிழங்கைப் போன்றதே.

பானங்களைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. எனக்குத் தைவான் என்றால் முதலில் நினைவுக்கு வருவது குலுக்கிய தேநீர்தான். மரவள்ளி மாவு உருண்டைகளைப் போட்டுத் தரும் முத்துத் தேநீர் பிறப்பதற்கு முன்பே, 1980களின் தொடக்கத்தில், காக்டெயில் கலக்கும் உலோகக் குவளையில் தேநீரையும் பாகையும் பனிக்கட்டியையும் போட்டுக் குலுக்கி, நுரை பொங்கப் பரிமாறும் ‘நுரைத் தேநீர்’ வந்துவிட்டது. அந்த நுரையால்தான் குமிழித் தேநீர் என்ற பெயரும் ஏற்பட்டது. முத்துகளைப் பார்த்து வைத்த பெயர் என்று பலர் நினைப்பது சரியன்று. அதில் மரவள்ளி முத்துகளை முதலில் போட்டது யார் என்பதில் தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங் கடையும் தைனானின் ஹான்லின் கடையும் சுமார் பத்தாண்டுகள் வழக்காடின. அது காப்புரிமை பெற்ற பொருளன்று, யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆகவே முதல்வர் யார் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்று 2019-இல் நீதிமன்றம் முடித்துவைத்தது. உலகமே குடிக்கும் பானத்துக்கு அதைவிட நல்ல தீர்ப்பு இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

கடையில் நின்றதும் அவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகளை மார்ச்சுக்குள் பழகிக்கொள்ளுங்கள்: சர்க்கரை எவ்வளவு, பனிக்கட்டி எவ்வளவு. ‘பான் தாங்’ என்றால் பாதிச் சர்க்கரை, ‘வெய் தாங்’ என்றால் சுமார் 30 விழுக்காடு, ‘வூ தாங்’ என்றால் சர்க்கரையே இல்லை. ‘ஷாவ் பிங்’ என்றால் குறைந்த பனிக்கட்டி, ‘ச்சூ பிங்’ என்றால் பனிக்கட்டி இல்லாமல். ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகக் குலுக்கப்படுவதால்தான் இந்த வசதி. நான் முதலாண்டு முழுச் சர்க்கரையில் தொடங்கி, மூன்றாம் ஆண்டில் சர்க்கரையே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தேன். பாலும் இல்லாமல், மலைத்தோட்டத்து ஊலாங் தேநீரை வெறுமனே குடிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தீவின் தேயிலை எனக்குப் பிடிபட்டது. ஷின்ச்சூ மாவட்டத்தின் பெய்பூ, எமெய் மலையூர்களில் ‘கீழைநாட்டு அழகி’ என்றொரு தேயிலை விளைகிறது. கோடையில் சிறு பச்சைத் தத்துப்பூச்சிகள் தளிரைக் கடித்துச் சாறுறிஞ்ச, அந்தக் காயத்துக்கு எதிராகச் செடி சுரக்கும் பொருட்களால் இலையில் தேனும் பழமும் கலந்த மணம் ஏறுகிறது. பூச்சி வராவிட்டால் மணம் இல்லை என்பதால், அந்தத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பதில்லை.

சூரிய சந்திர ஏரிப் பக்கம் போனால் 18ஆம் எண் கருந்தேநீரையும் தவறவிடாதீர்கள். பர்மாவின் பெரிய இலைத் தேயிலையையும் தைவானின் காட்டுத் தேயிலையையும் கலப்பினமாக்கி 1999-இல் வெளியிட்ட வகை அது. பட்டையும் புதினாவும் சேர்ந்த வாசம் இயல்பாகவே அதில் உண்டு.

வடக்குவீதி எழுதியது:

வணக்கம் அண்ணா. இரண்டாம் கேள்விக்கு நான் சொல்கிறேன். வெங்காயம், பூண்டுகூடச் சில நாட்களில் சேர்க்காத என் அம்மாவை அழைத்துக்கொண்டு 2023-இல் 9 நாட்கள் போய்வந்தேன். ஒரு வேளைகூட அவர் பட்டினி கிடக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கண்டது உண்மைதான். தெருக்கடைகளில் ‘காய்கறி’ என்பதும் ‘மரக்கறி உணவு’ என்பதும் ஒன்றல்ல. வெந்த கீரையின் மேல் பன்றிக் குழம்பை ஊற்றுவது அங்கே சாதாரண வழக்கம். வெங்காயத்தாள் ரொட்டியைப் பார்த்தால் நம் பரோட்டாவின் உடன்பிறப்பு என்றே தோன்றும். இரண்டு கரண்டிகளால் கல்லிலேயே அடித்து இதழ் பிரிக்கும் வகையைக் கண்டு என் அம்மா நம் ஊர் பரோட்டா மாஸ்டரை நினைத்துக்கொண்டார். ஆனால் சில கடைகளில் அதன் மாவில் பன்றிக் கொழுப்பைத் தடவுகிறார்கள். காலைக் கடையின் உப்புச் சோயாப்பாலில் காய்ந்த இறால் கிடக்கும். நாற்றமடிக்கும் தோஃபுவில் வெளியே எதுவும் தெரியாது, ஆனால் அதை ஊறவைக்கும் புளித்த நீரில் இறாலோ இறைச்சியோ சேர்ந்திருக்கலாம். மரக்கறி முறையில் ஊறவைக்கும் கடைகள் தனியாக அறிவிப்பு வைத்திருக்கின்றன, அவற்றில் மட்டும் வாங்கலாம்.

ஆகவே ‘இதில் இறைச்சி உண்டா’ என்று கேட்காதீர்கள். ‘வோ ச்சி சூ’ என்று சொல்லுங்கள். ‘நான் சூ உண்பவன்’ என்று பொருள். அந்த ‘சூ’ என்ற ஒரு சொல்லில் அவர்களுக்கு எல்லாம் அடங்கிவிடுகிறது. அது அவர்களுடைய சமயத்திலும் வழிபாட்டிலும் வேரூன்றிய சொல். பௌத்தர்கள், யிகுவான்தாவ் நெறியினர் எனப் பலர் வாழ்நாள் முழுக்க மரக்கறியே உண்கிறார்கள். மற்றவர்களிலும் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மட்டும் மரக்கறி உண்பவர்கள் ஏராளம். அதாவது, நம் வீடுகளில் அமாவாசையும் பௌர்ணமியும் எப்படியோ அப்படி. இதை விடுதியில் பணிபுரிந்த பெண் விளக்கிச் சொன்னதும் அம்மாவுக்கு அந்த ஊரின்மேல் இருந்த அச்சமே போய்விட்டது. அதற்குப் பிறகு வரிசையில் எனக்கு முன்னால் அவரே நிற்கத் தொடங்கினார்.

இன்னொரு செய்தி உங்கள் மாமியாருக்குப் பயன்படலாம். அங்கே மரக்கறியிலேயே பிரிவுகள் உண்டு. பூண்டு, வெங்காயம் முதலான ஐந்து நெடிப்பொருட்களையும் நீக்கியது, பால் சேர்ந்தது, முட்டை சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, ஐந்து நெடிப்பொருட்களை அனுமதிப்பது என்று பொட்டல உணவுகளின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. பூண்டு இல்லாத உணவைக் கேட்டு நம் ஊரில்கூட நாம் இவ்வளவு எளிதாகப் பெற முடியாது. மரக்கறி உணவகங்களின் பலகையில் புத்தர் சிலையின் மார்பில் காண்பதைப்போன்ற ஸ்வஸ்திகக் குறி இருக்கும், தொலைவிலிருந்தே தெரியும். பல கடைகளில் நாமே தட்டில் எடுத்துவைத்து, எடைபோட்டுப் பணம் கொடுக்கும் முறை. தட்டைப் பார்த்தாலே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடுவதால் முதியவர்களுக்கு அதுவே வசதி.

இரவுச் சந்தையில் அம்மா மிகவும் விரும்பியது ஆய்யூ. அதை அவசியம் செய்யும்போதே பார்க்கச் சொல்லுங்கள். அத்தி இனத்தைச் சேர்ந்த, கொடியில் காய்க்கும் பழத்தின் காய்ந்த விதைகளைத் துணிப்பையில் கட்டி, குளிர்ந்த நீரில் மூழ்கவைத்துக் கையால் கசக்குகிறார்கள். பையிலிருந்து பொன்னிறமாக வழவழப்பு இறங்குகிறது. அடுப்பும் இல்லை, மாவும் இல்லை; அப்படியே வைத்துவிட்டால் சிறிது நேரத்தில் நீர் முழுவதும் தானாக உறைந்து கட்டியாகிவிடுகிறது. தண்ணீரில் தாதுக்கள் இருந்தால்தான் உறையும், வடித்த நீரில் உறையாது என்று கடைக்காரர் சொன்னார். எலுமிச்சைச் சாறும் தேனும் பனிக்கட்டியும் போட்டுக் கொடுப்பார்கள். அதைச் செய்து காட்டிய முதியவரின் விரல்களை அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். திருநீற்றுப்பச்சிலை விதையை ஊறவைத்துச் சர்பத்தில் போட்டுத் தரும் தன் தாயாரை நினைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

தைபேயில் லோங்ஷான் கோயிலுக்குப் பக்கத்தில் பச்சிலைக் கடைகளின் சந்து ஒன்று உண்டு. அங்கே காய்ச்சி விற்கும் மூலிகைத் தேநீர் லேசான இனிப்போடு இருக்கும். கசப்புத் தேநீர் நிலவேம்புக் கஷாயத்துக்குச் சளைத்ததன்று. பருத்தித் துணிபோல் மென்மையான சோயாக் கட்டியில் இஞ்சிப் பாகும் வெந்த கடலையும் போட்டுத் தரும் தௌஹுவாவை இருவருக்கும் வாங்கிக்கொடுங்கள். மார்ச்சில் மழைத்தூறலும் குளிரும் இருக்கும், சூடாகவே கேளுங்கள்.

குச்சிக்கிழங்கு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் சேலம் பக்கம் சேகோ ஆலை நடத்திய குடும்பம். முத்துத் தேநீர் என்றதும் படிக்க வந்தேன், எழுதாமல் போக மனம் வரவில்லை.

தைவானின் முத்தும் நம் ஜவ்வரிசியும் ஒரே கிழங்கிலிருந்து வருபவைதான். எங்கள் பக்கத்தில் அதைக் குச்சிக்கிழங்கு என்போம். ஆனால் செய்முறையில் வழி பிரிந்துவிடுகிறது. கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, தொட்டியில் மாவைப் படியவிட்டு, ஈரமாவைக் குலுக்கிக் குலுக்கிக் குருணையாக்கி, சூடான தட்டில் வறுத்து வெயிலில் காயவைப்பது ஜவ்வரிசி. பாயசத்தில் அது கரையாமல் கண்ணாடிபோல் நிற்க வேண்டும். அதைக் கடித்துப் பார்த்து யாரும் மெச்சுவதில்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் போதும். தைவானியர் மாவில் கருஞ்சர்க்கரையோடு கொதிநீரை ஊற்றிப் பிசைந்து, பட்டாணியைவிடப் பெரிதாக உருட்டி, அரைமணி நேரம் கொதிக்கவைத்து, மூடியபடியே இன்னும் அரைமணி நேரம் விட்டு, பிறகு பாகில் ஊறப்போடுகிறார்கள். மேலே மென்மையும் நடுவில் இறுக்கமும் வருவது அந்த மூடிவைக்கும் நேரத்தில்தான். ஆறிப்போனாலும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் மாவு விறைத்துக்கொள்ளும். அதனால் நல்ல கடைகளில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வேகவைப்பார்கள். நம் ஊரில் முத்துத் தேநீர் விற்கும் சில இடங்களில் முத்து ரப்பர்போல் இருப்பதற்கு இதுதான் காரணம். மாவின் குற்றம் அன்று.

பூசணிப் பானத்தை நான் வீட்டில் பலமுறை செய்திருக்கிறேன். முற்றிய கல்யாணப் பூசணி ஒரு கிலோ எடுத்து, தோலையும் விதையையும் நீக்காமல் நன்கு கழுவிச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். அதில் 300 கிராம் நாட்டுச்சர்க்கரையைக் கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள். பூசணி தானாகவே நீர் விட்டுக்கொள்ளும், ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்ற வேண்டாம். பிறகு அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் காயவிடுங்கள். துண்டுகள் கண்ணாடிபோலாகி, சாறு கருந்தேன் நிறத்துக்கு வந்ததும் வடிகட்டிப் புட்டியில் வையுங்கள். குடிக்கும்போது ஒரு பங்குக்கு மூன்று பங்கு குளிர்ந்த நீர். தைவானில் இதையே இன்னும் சுண்டவைத்துச் செங்கல்போல் கட்டியாக்கி விற்கிறார்கள். இரண்டு கட்டி வாங்கிவந்தால் கோடை முழுக்கத் தாங்கும்.

நெடுவழி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வடக்குவீதி அவர்கள் எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். அமாவாசை, பௌர்ணமி பற்றிய பகுதியை மாமியார் மறுபடியும் படிக்கச் சொன்னார்.

இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. தைனானில் எதை உண்டாலும் தைபேயைவிட ஒரு படி இனிப்பாகவே இருந்தது. சுமைத்தடி நூடுல்ஸ் என்று சொல்லும் சின்னக் கிண்ண நூடுல்ஸில்கூட இனிப்பு தெரிந்தது. அதைப் புயல்மாதங்களில் கடலுக்குப் போக முடியாத ஒரு மீனவர், பிழைப்புக்காகத் தோளில் தடிபோட்டுச் சுமந்து விற்கத் தொடங்கினார் என்று அந்தக் கடையில் சொன்னார்கள். அந்த ஊர்ப் பூசணிப் பானமும் எனக்குச் சற்றுத் திகட்டியது. மாமியாருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால் ‘வூ தாங்’ என்று கேட்டால் சர்க்கரை இல்லாமல் கொடுப்பார்களா?

காற்றூர்வாசி எழுதியது:

தைனான் இனிப்பின் ஊர்தான் ஐயா. 1624 முதல் 1662 வரை டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி ஆண்ட காலத்திலேயே சர்க்கரை ஏற்றுமதிப் பொருள். அதைச் சுற்றியுள்ள சமவெளி கரும்புக்காடு. விலை உயர்ந்த சர்க்கரையை விருந்தினருக்குத் தாராளமாகப் போடுவது வசதிக்கும் மரியாதைக்கும் அடையாளமாக இருந்தது என்று அந்த ஊர் நண்பர்கள் சொல்வார்கள்.

பூசணிப் பானத்தில் மட்டும் ‘வூ தாங்’ செல்லாது. சர்க்கரையோடு சேர்த்தே காய்ச்சிவிடுவதால் அளவை மாற்ற முடியாது. விலைப் பட்டியலில் ‘இனிப்பு மாறாதது’ என்று குறித்திருப்பார்கள். நீங்கள் குடிக்க விரும்பினால் எலுமிச்சைச் சாறோ பச்சைத் தேநீரோ கலந்த வகையைக் கேளுங்கள், திகட்டாது. மாமியாருக்குச் சர்க்கரை இல்லாத ஊலாங்கோ, இனிப்புச் சேர்க்காத சோயாப்பாலோ வாங்கிக்கொடுங்கள். சோயாப்பால் கடையில் காலை ஆறு மணிக்கே சூடாகக் கிடைக்கும். குடித்து முடிக்காமல் மெட்ரோ ரயிலுக்குள் மட்டும் கொண்டுபோய்க் குடித்துவிடாதீர்கள். தைபே மெட்ரோவில் மஞ்சள் கோட்டைத் தாண்டியபின் தண்ணீர் குடித்தால்கூட 1,500 முதல் 7,500 தைவான் டாலர் வரை அபராதம் உண்டு.